விருந்தாளிப் பக்கத்துப் பாட்டு

தோணியில் போனவர்கள்: தண்டல் மாடசாமி. தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். அவருடைய மருமகன் சுடலை. அண்ணன் தம்பி இருவர், பேச்சிமுத்தும் இசக்கிமுத்தும். சுக்கான் பிடிக்கும் கொம்பையா. பாய் தைக்கும் சங்கரன். கயிறு இழுக்கும் பெரிய முருகன், சின்ன முருகன். சமையலுக்கு நான்.

சரக்கு வெங்காயம். தூத்துக்குடியிலிருந்து திருகோணமலைக்கு.

நான் கடலுக்குப் போகிறவன் இல்லை. உப்பளத்தில் வேலை. அந்த ஒரு தடவைதான் போனேன். தண்டல் சமையலுக்கு ஆள் தேடினார். எனக்குச் சோறு பொங்கத் தெரியும். அக்கா போகச் சொன்னாள்.

அக்காவின் புருஷன் வேலாயுதம் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். உலக யுத்த காலத்தில் அப்பனோடு சிறுபிள்ளையாக அங்கே போனவர். பெண் பார்க்க ஊருக்கு வந்தார். அன்றைக்கே அக்கா சொல்லிவிட்டாள், கடல் தாண்ட மாட்டேன் என்று. எங்கள் அப்பா கடலோடு போனவர். அத்தான் சரி என்றுதான் தாலி கட்டினார். சில மாதம் இருந்தார். போனார். இரண்டு தடவை வந்தார். பிறகு வரவில்லை.

அந்தச் சமயத்தில் இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. இங்கிருந்து போய் அங்கே இருப்பவர்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று. தான் எந்த நாடு என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சொல்லும் வரை எந்த நாடும் இல்லை. அத்தானும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

அக்கா சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்.

"வரச் சொல்லு. வரலைன்னா தீத்து விடச் சொல்லு. ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வா."

எங்கள் ஆட்களில் தாலியைத் தீர்த்துக்கொண்டு வேறு கட்டுவது உண்டு. ஆனால் புருஷன் தீர்த்துவிட்டால்தான் முடியும். உப்பளத்து மேஸ்திரி ஒருவர், பெண்டாட்டி செத்தவர், அக்காவைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். அக்கா அவருக்குப் பதில் சொல்லவில்லை. அத்தானுடைய பதில் வராமல் அவள் சொல்ல முடியாது.

கடலைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வாந்தி எடுத்தேன். எடுத்துக்கொண்டே சமைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் போனோம். எங்கள் ஊரில் கப்பல் தூரத்தில் நிற்கும், தோணிதான் கரைக்கும் கப்பலுக்கும் போய் வரும். இங்கே கப்பல் கரைக்குப் பக்கத்தில் வந்து மாடு போல நிற்கிறது. அவ்வளவு ஆழம். சுற்றிலும் மலை. காற்றே தெரியவில்லை. சுங்கத்து ஆள் வந்து வெங்காயத்தை முகர்ந்து பார்த்தார். இறங்கச் சீட்டுக் கொடுத்தார்கள். இறக்குகூலிக்காரர் திங்கட்கிழமைதான் வருவார்கள் என்றார்கள். வெங்காயம் நாறட்டும், நமக்கென்ன என்றார் தண்டல். ஆனால் மூடிப் போட்டிருந்த பாயைத் திறந்து காற்றாட விட்டார்.

படகுத்துறைக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. அங்கே தேத்தண்ணிக் கடை என்கிறார்கள். கடைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். எல்லோரும் காசிம் நானா என்று கூப்பிட்டார்கள். நானா என்றால் அண்ணன். பாலில்லாத தேநீரும், கையில் ஒரு துண்டு பனங்கட்டியும் கொடுத்தார். கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். நான் கட்டியைத் தேநீருக்குள் போட்டேன். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார்.

பாண் என்று ஒரு ரொட்டி. அதோடு தேங்காயும் மிளகாயும் இடித்த சம்பல். எங்கள் ஊரில் காய்ச்சல் வந்தவனுக்குத்தான் ரொட்டி வாங்குவோம். இங்கே திடமான ஆட்கள் தின்கிறார்கள். நன்றாகத்தான் இருந்தது. காரம் அதிகம்.

வேலாயுதம் என்று துறைமுகத்தில் ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"எந்த வேலாயுதம்? பாட்டு வேலாயுதமா?"

"மூட்டை தூக்குறவர்."

"மூட்டை ஆர்தான் தூக்குறதில்ல இங்க? பாட்டு எண்டாத்தான் அவன். நீங்க ஆர் தம்பி?"

"அவரு பொண்டாட்டிக்கு தம்பி."

நானா தேநீர் ஆற்றுவதை நிறுத்தினார். மற்றவர்களும் திரும்பினார்கள். யாரோ ஒருவர், "அப்ப மெய்தான், பொஞ்சாதி இரிக்கி," என்றார். இன்னொருவர், "நான் சொன்னன் தானே, கட்டினவன்ட முகம் அது," என்றார். சிரித்தார்கள்.

லிங்கநகரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார் என்று வழி சொன்னார்கள். நடந்தேன். அறை பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா, "அவர் கட்டைபறிச்சானுக்கு நெல்லு ஏத்தப் போனவர், நாளைக்குத்தான் வருவார்," என்றார். "தண்ணி குடிக்கிறீங்களோ?" என்றார். குடித்தேன்.

சனிக்கிழமை நானே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். கட்டைபறிச்சான் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம். மூதூருக்கு லாஞ்சு போகிறது. அங்கிருந்து போக வேண்டும்.

லாஞ்சில் கோழி, நெல் மூட்டை, ஒரு தையல் மெஷின், ஆட்கள். பாதிக் கடலில் இயந்திரம் நின்றது. ஓட்டுகிறவர் உள்ளே இறங்கித் தட்டினார். இரண்டு முறை இருமியது. பிறகு அதுவும் இல்லை. யாரும் கூச்சல் போடவில்லை. ஓர் அம்மா பொட்டலத்தை அவிழ்த்து எல்லோருக்கும் முறுக்குக் கொடுத்தார். எங்கள் பக்கமாக இருந்தால் இதற்குள் ஓட்டுகிறவனின் அப்பன் பாட்டன் வரை திட்டியிருப்பார்கள்.

மூதூர்க்காரர் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இண்டைக்கு ஜப்பான்காரனோட பந்தாட்டம். பின்னேரம்."

"ஜப்பான் கப்பலா?"

"ஓம், மணல் ஏத்த வந்த கப்பல். அவங்கட பாட்டு சின்னப் பாட்டு. தொடங்கினா முடிஞ்சிரும்."

"போன மாசம் கிரேக்கன் வந்தானே, அவன் பாடி முடிக்கிறத்துக்குள்ள எனக்குப் பசி வந்திட்டு."

"உனக்கு ஆர் பாடினாலும் பசி வரும்."

பந்து விளையாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. பாட்டு எதற்கு என்று தெரியவில்லை.

ஒரு மீன்பிடி வள்ளம் வந்து கயிறு கட்டி இழுத்தது. எந்தப் பக்கம் கிட்ட என்று பார்த்தார்கள். புறப்பட்ட பக்கம்தான் கிட்ட. திரும்பி வந்து ஏறிய இடத்திலேயே இறங்கினோம். ஓட்டுகிறவர் காசைத் திருப்பித் தந்தார். முறுக்குக் கொடுத்த அம்மா, "நாளைக்கு வாறன்," என்று சொல்லிவிட்டுக் கோழியோடு போனார்.

கடைக்கு வந்தேன். காசிம் நானா கடையைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி, மைதானத்துக்கு. உங்கட அத்தான் அங்கதான் வருவான். கட்டைபறிச்சானுக்கு என்ன, கப்பலுக்கே போனாலும் பாட்டு நேரத்துக்கு வந்திருவான்."

மைதானம் துறைமுகத்துக்கு மேலே, கோட்டைப் பக்கம். புல் குறைவு. மான்கள் திரிகின்றன. நிஜமான மான், புள்ளி போட்டது. எங்கள் ஊரில் ஆடு திரிகிற மாதிரி. யாரும் கண்டுகொள்வதில்லை. ஒரு மேடு. அதில் சனம். கிண்ணியா, மூதூர் முஸ்லிம்கள், பட்டணத்துத் தமிழர், ரயில் பகுதியில் வேலை செய்யும் சிங்களவர், தொப்பி போட்ட ஒரு பறங்கிக்காரர். ஒரு பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது: இலங்கை, ஜப்பான். கப்பல் பேர் இல்லை. அங்கே கப்பல் வந்தால் நாடு வந்த மாதிரி.

அந்த மைதானத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளைக்கார நேவி இருந்த காலத்திலிருந்து வருவதாம். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு பக்கமும் தங்கள் நாட்டுப் பாட்டைப் பாட வேண்டும். பாண்டு வாத்தியம் கிடையாது, இசைத்தட்டு கிடையாது. வாயால்தான். பார்க்க வந்தவர்களும் மேட்டிலிருந்து இறங்கித் தங்கள் நாட்டு ஆட்டக்காரருக்குப் பின்னால் நிற்க வேண்டும். விருந்தாளிக் கப்பலிலிருந்து பார்க்க ஆள் வரவில்லையென்றால், ஊர்க்காரர் தங்களில் சில பேரை அந்தப் பக்கம் அனுப்புவார்கள். அதற்குப் பெயர் ஆள் குடுக்கிறது. போனவர்கள் பாட்டுத் தெரியாவிட்டாலும் கூடவே முனக வேண்டும். பாதி ஆட்டம் முடியும் வரை விருந்தாளியின் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று சத்தம் போட வேண்டும். இடைவேளையில் திரும்பி வந்துவிடலாம்.

ஜப்பான்காரருக்கு ஐந்து பேரைக் கொடுத்தார்கள். பாட்டு சின்னதுதான். மெதுவாகப் போயிற்று. ஜப்பான்காரரில் ஒருவர் பாடிக்கொண்டே சப்பாத்து நாடாவைக் கட்டினார். இன்னொருவர் காதைக் குடைந்தார். பின்னால் நின்ற ஊர் ஆட்கள் ஐவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி விறைத்து நின்றார்கள்.

நானா என் காதில் சொன்னார். "பாத்தீங்களா? நான் இருவது வருசமாப் பாக்கிறன். சொந்தப் பாட்டை ஒருத்தனும் ஒழுங்காப் பாட மாட்டான். மத்தவன்ட பாட்டுக்குத்தான் ஆடாம அசையாம நிப்பான். இத்தாலிக்காரன் பாட்டு நடுவுல சிரிப்பான். வெள்ளைக்காரன் வாயே துறக்கமாட்டான், ஆனா கண்ணு கலங்கும். நோர்வேக்காரன் நல்லாப் பாடுவான், அவனுக்கு கோல் போட்டாலும் கைதட்டுவான். பாட்டுல ஆளைக் கண்டுபிடிச்சிரலாம் தம்பி. ஆட்டத்துல ஏலாது."

பிறகு இலங்கைப் பாட்டு. மேட்டில் இருந்த சனம் எல்லாம் இறங்கியது. முன்னால் ஒருவர் வந்து நின்று குரல் எடுத்தார். சாரம் கட்டியிருந்தார், லுங்கிதான். தலையில் நெல் உமி. அத்தான்.

அவர் தொடங்கியதும் எல்லோரும் சேர்ந்தார்கள். ஒரே ராகம். தமிழர் தமிழில் பாடினார்கள். முஸ்லிம்களும் தமிழில். சிங்களவர் சிங்களத்தில். ஒருவர் சொல் மற்றவருக்கு இடிக்கவில்லை. முடிக்கும்போது எல்லோரும் ஒன்றாக முடித்தார்கள். ரயில் பகுதி ஆள் ஒருவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானா எனக்குத் தமிழில் சொன்னார். "உங்கட தமிழ் முந்திப் போகுது, எங்கட சிங்களத்துக்கு மூச்சு வாங்குது எண்டுறார்."

ஆட்டம் என்ன ஆயிற்று என்று நான் பார்க்கவில்லை. அத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்த பிறகு போய் முன்னால் நின்றேன். அடையாளம் தெரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. கல்யாணத்தில் எனக்கு மீசை இல்லை.

"மாப்பிள்ளையா? எப்ப வந்தனீ?"

"நேத்து."

"சாப்பிட்டியா?"

"முறுக்கு."

பேச்சு மாறியிருந்தது. ஊர்க்காரர் மாதிரியே பேசினார். அறைக்குக் கூட்டிப்போனார். குசினி என்று ஒரு மூலை. புட்டும் மீன் சொதியும் அவரே செய்தார். சொதி என்றால் தேங்காய்ப்பால் விட்ட குழம்பு, காரம் இல்லாதது. எனக்கு உட்காரக் கதிரை போட்டார். அவர் தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா சுகமா இருக்கிறாளா?"

"இருக்கா. ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னா. நீங்க வாங்க. இல்லைன்னா தீத்து விடுங்க."

அவர் புட்டைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அவள் இங்க வரமாட்டாள்."

"வரமாட்டா."

"அதை முதலே சொன்னவள். பிழை சொல்ல ஏலாது." சொதியை ஊற்றிக்கொண்டே, "அங்க வந்தா நான் ஆர், மாப்பிள்ளை? உன்ர அக்காவின்ர புருஷன். இங்க நான் வேலாயுதம்," என்றார்.

"அப்ப வரலையா?"

"பாப்பம். சாப்பிடு."

பாப்பம் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் சொல். சுங்கத்து ஆளும் சொன்னார். இல்லை என்று சொல்வதை நான் அந்த ஊரில் கேட்கவில்லை.

"அத்தான், ரெண்டுல ஒண்ணு," என்று நினைத்தேன். சொல்லவில்லை. திங்கட்கிழமை சரக்கு இறங்கும். செவ்வாய்க்கிழமை தோணி கிளம்பும்.

தோணிக்குத் திரும்பினால் அங்கே வேறு கூத்து. காசிம் நானா தண்டலிடம் வந்து, நாளைக்கு உங்களோடு ஆட்டம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒன்பது பேர்தானே என்றதற்கு, நாங்களும் ஒன்பது பேர் வருகிறோம் என்றாராம். தண்டல் ஒத்துக்கொண்டார். பந்து எங்களுக்குத் தெரியும். கடற்கரையில் அடிப்போம். பாட்டுதான் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்டல் எல்லோரையும் பாய்க்குக் கீழே உட்கார வைத்தார்.

"ஏலே, நம்ம நாட்டுப் பாட்டு யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்லா," என்றான் சுடலை.

"பாடு."

தொடங்கினான். இரண்டு வரி போனான். நின்றான். பேச்சிமுத்து ஏற்றுக்கொண்டான். இன்னும் ஒரு வரி. அதற்கு மேல் யாருக்கும் போகவில்லை.

எங்களுக்கு அந்தப் பாட்டு தெரிந்த இடம் சினிமாக் கொட்டகை. படம் முடிந்ததும் போடுவார்கள். எல்லோரும் எழுந்து வாசலுக்கு ஓடுவோம். சைக்கிள் எடுக்க நெரிசல். பாதிப் பாட்டில் தெருவுக்கு வந்துவிடுவோம். ஆகையால் ஒருவனுக்கும் பாதிக்கு மேல் தெரியாது.

"முழுசாக் கேட்டவன் ஒருத்தன்கூட இல்லையால?" என்றார் தண்டல்.

"நான் கேட்டிருக்கேன்," என்றார் சங்கரன். "கால் மரத்துப் போச்சு. எந்திரிக்க முடியல."

"பாடு."

"கால் நினைப்புல இருந்தேன், பாட்டைக் கவனிக்கல."

மத்தியானம் வரை முயன்றோம். அரிசி குழைந்துவிட்டது. தண்டல் அதற்கும் பாட்டையே திட்டினார்.

மைதானத்தில் பலகையில் எழுதியிருந்தது: இலங்கை, இந்தியா. எங்கள் ஒன்பது பேரைப் பார்த்து அப்படி எழுதியிருந்தார்கள். கொம்பையாவுக்கு எழுத்துத் தெரியாது. வாசித்துச் சொன்னேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

வரிசையாக நின்றோம். எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. எல்லோருமே ஆடுகிறவர்கள்.

"ஆள் குடுங்கடா!" என்று நானா கத்தினார்.

மேட்டிலிருந்து சில பேர் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் அத்தான் இறங்கினார். இலங்கைப் பக்கம் போகவில்லை. நேரே எங்கள் பக்கம் வந்தார். எனக்குப் பின்னால் நின்றார். அன்றைக்கு வேட்டி கட்டியிருந்தார்.

மேட்டில் ஒரு சலசலப்பு. "எங்கட பாட்டை ஆர் எடுக்கிறது?" என்று யாரோ கேட்டார்கள்.

தண்டல் என் விலாவில் இடித்தார். "பாத்தியால? உங்க அத்தான் நம்ம பக்கம் வந்துட்டாரு. உங்க அக்காவுக்குப் பதில் கிடைச்சிட்டு." தண்டலுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அப்படித்தான் பட்டது.

அத்தான் எங்கள் பாட்டைத் தொடங்கினார். நாங்கள் பாதி வரை கூடப் போனோம். அதற்குமேல் அவர் மட்டும் போனார். ஒரு சொல் பிசகவில்லை. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார். கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன. கண் நேரே. அசையவில்லை. மைதானமே சத்தம் இல்லாமல் நின்றது. நான் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

பிறகு இலங்கைப் பாட்டு. யாரோ ஒருவர் எடுத்தார். குரல் மேலே போய் உடைந்தது. சிரித்தார்கள். இன்னொருவர் எடுத்தார். அது கீழே போயிற்று. சிங்களவர்கள் ஒரு பக்கம் போனார்கள், தமிழர் ஒரு பக்கம். நின்றுவிட்டது. எல்லோரும் எங்கள் பக்கம் பார்த்தார்கள்.

அத்தான் நின்ற இடத்திலிருந்தே எடுத்தார்.

கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். பாடிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினார். முதுகைச் சொறிந்தார். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு மான் வந்து நின்றது. பாட்டு நடுவில், "அடேய், உந்த மானைக் கலைச்சு விடு," என்று சொல்லிவிட்டு விட்ட இடத்தில் பிடித்தார். ஒரு வரியை விழுங்கினார். அந்த வரியைச் சனம் பாடி நிரப்பியது. முடிவுக்கு முன்னாலேயே யாருக்கோ கையைக் காட்டிச் சிரித்தார்.

நான் முன்னால் திரும்பிக்கொண்டேன்.

நடுவர் ரயில் பகுதிச் சிங்களவர். விசில் ஊதினார். எனக்கு ஓட வராது என்று கோலில் நிறுத்தியிருந்தார்கள். அத்தான் கம்பத்துக்குப் பின்னால் வந்து நின்றார். பந்து தூரத்தில் இருந்தது.

"அக்காகிட்ட என்ன சொல்ல?"

"பந்தைப் பார்."

"நம்ம பக்கம்தானே வந்து நிக்கிறீங்க."

"இடப்பக்கம் வாறான். இடப்பக்கம்!"

வலப்பக்கம் விழுந்தேன். கோல். மேட்டில் சத்தம். அத்தானும் சத்தம் போட்டார். கோல் போட்டவனுக்கா எனக்கா என்று தெரியவில்லை.

பிறகு பந்து வரும்போது மட்டும் பக்கம் சொன்னார். இரண்டு தடவை சரியாகப் பிடித்தேன். ஒரு தடவை விட்டேன். சுடலை அந்தப் பக்கம் ஒரு கோல் போட்டான். தங்கள் கோலுக்குக் கத்தியதைவிட ஊர்க்காரர் அதற்கு அதிகம் கத்தினார்கள். ஒரு கிழவர் வந்து சுடலைக்குக் குரும்பை என்ற இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இடைவேளை விசில். கொடுத்த ஆட்கள் திரும்பினார்கள். அத்தானும் திரும்பினார். மைதானத்தின் குறுக்கே நடந்தார். அவசரம் இல்லை. நடுவில் பந்து கிடந்தது. அதைக் காலால் தட்டி நடுவரிடம் கொடுத்தார். அந்தப் பக்கம் போனதும் ஒருவன் அவர் தோளில் குத்தினான். "எங்கட பாட்டைக் கொல்லப் பாத்தீங்களே அண்ணை!" என்றான். அவர் அவன் தலையில் தட்டினார்.

தண்டல் வாய் திறந்தபடி நின்றார். "என்னல, அவரு பாட்டுக்குப் போறாரு?"

காசிம் நானா எலுமிச்சம் பழம் வெட்டி ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார். தண்டல் அவரிடம் கேட்டார்.

"எங்க ஆளு எங்க பக்கம் வந்தாருன்னு நினைச்சோம் நானா."

"உங்கட ஆளா?" நானா என்னைப் பார்த்தார். பிறகு தண்டலைப் பார்த்தார். "தண்டல், ஆள் குடுக்கிறது வீட்டுக்காரன். விருந்தாளிக்கு விருந்தாளி ஆள் குடுப்பானா? எங்களுக்குள்ள நல்லாப் பாடுறவன் அவன். அதால அவனை உங்களுக்குத் தந்தம். அவனே கேட்டான், இண்டைக்கு நான் போறன் எண்டு."

எலுமிச்சம் பழம் புளித்தது. சப்பிக்கொண்டே நின்றேன்.

இரண்டாவது பாதியில் நிறைய விட்டேன். எத்தனை என்று எண்ணவில்லை. மற்றவர்கள் எண்ணியிருப்பார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கை கொடுத்தார்கள். அத்தான் வந்தார். என்னை மைதான ஓரத்துக்குக் கூப்பிட்டார். தண்டலையும் கூப்பிட்டார்.

"விளங்கிச்சா, மாப்பிள்ளை?"

"விளங்கிச்சு."

"என்னலே விளங்கிச்சு?" தண்டல் கோபமாக இருந்தார். "வேலாயுதம், நல்லா இருக்கா இது? பாட்டு எங்களுக்கு, ஆளு அவங்களுக்கா?"

"ஓம் தண்டல்."

"வாயால சொல்லேன், ஒரு வார்த்தை."

"வாயாலதானே பாடினனான்."

தண்டல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அத்தான் குனிந்து காய்ந்த புல் ஒன்றைப் பிடுங்கினார். எங்கள் ஆட்களில் புருஷன் துரும்பைக் கிள்ளிப் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் கையில் கொடுத்தால் கட்டு தீர்ந்தது. பெரியவர் ஒருவர் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அதை இத்தனை வருடம் கழித்தும் அவர் மறக்கவில்லை.

கிள்ளவில்லை. விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அவள் அழுவாளா?"

"தெரியாது."

"கேட்டு ஆள் வந்திருக்கா?"

"வந்திருக்கு. உப்பளத்து மேஸ்திரி."

"குடிப்பானா?"

"இல்லை."

"நல்லது." பிறகு, "கடலுக்குப் போறவனா?" என்றார்.

"இல்லை. கரைதான்."

கிள்ளினார். என் உள்ளங்கையில் வைத்தார். விரல்களை மூடிவிட்டார். மேட்டில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "வாறன், வாறன்," என்று சொல்லிக்கொண்டு போனார். தண்டல் அவர் போவதைப் பார்த்துக்கொண்டு, "குரலு மட்டும் சும்மா சொல்லக்கூடாது," என்றார்.

துரும்பைத் தீப்பெட்டிக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை வெங்காயம் இறங்கியது. அத்தான் எங்கள் தோணிக்கு வந்தார். மற்றவர்களோடு மூட்டை தூக்கினார். நான் எல்லோருக்கும் சோறு போட்டேன். அவருக்கும் போட்டேன். சோறு குழையவில்லை. நன்றாக இருக்கிறது என்றார்.

செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். திரும்பும்போது வாந்தி இல்லை. வழியில் சுடலை நம் பாட்டை முனகினான். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். முழுசாக வந்தது. ஒருவருக்கும் பாதியில் நிற்கவில்லை. நடுவில் இசக்கிமுத்து காறித் துப்பினான். சங்கரன் காலை நீட்டிப் பிடித்துவிட்டுக்கொண்டார். யாரும் எழுந்து நிற்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது அக்கா உலை வைத்திருந்தாள். தீப்பெட்டியைக் கொடுத்தேன். திறந்து பார்த்தாள். மூடினாள். மடியில் செருகினாள்.

"என்ன சொன்னாரு?"

நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அரிசி களைந்தாள்.

"நம்ம பாட்டையும் பாடினாரா?"

"பாடினாரு."

"முழுசுமா?"

"முழுசும். ஒரு பிசகு இல்லை."

அரிசியை உலையில் போட்டாள். தண்ணீர் தெறித்து அடுப்பில் விழுந்தது. ஒதுங்கி நின்று முகத்தைத் துடைத்தாள்.

"மேஸ்திரி வீட்டுக்குச் சொல்லி விடு. வரட்டும்."

அக்காவுக்கு அப்போது வயது இருபத்தேழு.